கேள்வித்தாள் தரும் நாள்கணக்கு

திட்ட மேலாண்மையின் அடிப்படைகளை மாணவர்களுக்கு எப்படிக் கற்பிப்பது என்று பேசக் கூடியிருக்கும் இந்த மாநாட்டின் முன்னே முதலில் வைக்க வேண்டியது ஓர் ஆய்வு. ரோஜர் புயூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் 1994இல் வெளியிட்டது. பட்டப்படிப்பின் இறுதி ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம், எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்று பதில் வந்தது. எல்லாமே தடங்கலானால்? சுமார் 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனதோ 55 நாளுக்கு மேல்! சொன்ன நாளுக்குள் முடித்தவர்கள் பத்தில் மூன்று பேர்தான்.

இதைச் சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. வேலையை மனத்தில் ஓட்டிப் பார்ப்பவர்களுக்கு அது தடையில்லாமலே ஓடுகிறது. இதற்கு முன் இதே மாதிரி வேலைக்கு எத்தனை நாள் பிடித்தது என்ற கணக்கு அப்போது நினைவுக்கு வருவதில்லை. டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1970களிலேயே சுட்டிக்காட்டிய குறை இது.

வகுப்பறையில் நடப்பதைப் பார்ப்போம். டுபாண்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் 1950களின் இறுதியில் உருவாக்கிய கிரிட்டிக்கல் பாத் முறை இன்று பாடத்திட்டத்தில் தவறாமல் இருக்கிறது. எந்த வேலை தாமதமானால் மொத்தத் திட்டமும் தள்ளிப்போகும், எந்த வேலைக்குச் சற்று இடைவெளி உண்டு என்பதைப் பிரித்துக் காட்டும் அருமையான முறை. தேர்விலும் கேள்வி வருகிறது. மாணவர்கள் வலைப்படம் வரைகிறார்கள், கூட்டிக் கழித்து விடை எழுதுகிறார்கள், மதிப்பெண்ணும் வாங்குகிறார்கள். ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நாள் என்பதைக் கேள்வித்தாளே கொடுத்துவிடுகிறது. எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்பதையும் அதுவே சொல்லிவிடுகிறது. இந்தத் தொழிலில் மிகக் கடினமான இரண்டும் இப்படி இலவசமாகக் கிடைத்துவிடுகின்றன.

பாம்பனில் யாரும் அப்படிக் கொடுக்கவில்லை.

1964 டிசம்பர் புயலில் பாம்பன் ரயில் பாலத்தின் கர்டர்களில் பெரும்பாலானவை கடலுக்குள் போயின. சீரமைக்க ஆறு மாதம் என்றது ரயில்வே. தெற்கு ரயில்வேயின் பொது மேலாளர் அதை மூன்று மாதமாகக் குறைத்தார். பொறுப்பு 32 வயது பொறியாளர் இ. ஸ்ரீதரனிடம் வந்தது. புதிய கர்டர்களைச் செய்து கொண்டுவருவதென்றால் மற்ற எல்லா வேலையும் அதற்காகக் காத்திருக்க வேண்டும். அவரது குழு கடலடியில் கிடந்த பழைய கர்டர்களை மீட்டுத் தூண்களின் மேல் திரும்ப ஏற்றியது. 46 நாளில் பாலம் சரியானது. வேகமாக உழைத்ததற்காக மட்டும் பாராட்டினால் இந்தச் சாதனையின் உயிர்நாடி கைநழுவிவிடும். மிக நீண்ட காத்திருப்பு எது என்று கண்டுபிடித்து அதையே பட்டியலிலிருந்து நீக்கினார்கள். வலைப்படத்தைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்கும் எந்தத் தேர்வும் இந்தத் திறனை வளர்க்காது.

இதைப் பழக நம் கல்லூரிகளில் இடம் ஏற்கெனவே இருக்கிறது: இறுதியாண்டு ப்ராஜெக்ட். தொடக்க மதிப்பாய்வான ஜீரோத் ரிவ்யூவில், எந்த வேலை எப்போது நடக்கும் என்று காட்டும் அழகான கான்ட் அட்டவணை ஒன்றை மாணவர்கள் காட்டுகிறார்கள். அதை வைவா நாளன்று மறுபடி விரித்துப் பார்க்கும் துறைகள் பெருக வேண்டும். உதிரிபாகம் வாங்க, ஆய்வகத்தில் இடம் கிடைக்க, அறிக்கை எழுத என்று ஒவ்வொன்றுக்கும் குறித்த நாளையும் ஆன நாளையும் பக்கம்பக்கமாக எழுதி வாங்கலாம். பிந்தியதற்காக மதிப்பெண்ணைக் குறைக்கக் கூடாது. குறைத்தால் உண்மையான தேதி வராது. ஏன் பிந்தியது என்ற விளக்கத்துக்கே மதிப்பெண் தரலாம். சில ஆண்டுகளின் பதிவு சேர்ந்ததும் அதை அடுத்த அணியிடம் முதல் நாளே கொடுத்து, அதைப் பார்த்த பிறகு நாள் குறிக்கச் சொல்லலாம்.

இதற்குப் புதிய பாடமோ மென்பொருளோ தேவையில்லை. மாநாட்டுக்கு வந்திருக்கும் துறைத் தலைவர்கள் வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்கலாம். அந்தப் பதிவேட்டில் என்னென்ன பத்திகள் இருக்க வேண்டும் என்பதை இந்த அமர்வுகள் முடிவு செய்யட்டும்.