கருவுற்ற முதல் மூன்று திங்கள்

(செம்மங்குப்பத்தில் கூடிய நம் சங்கத்து மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

  

பிள்ளைகளின் கல்வியைப் பற்றியும், மணச் செலவைச் சுருக்குதல் பற்றியும் நம்மவர் கூட்டங்களில் பலகாலும் பேசியுள்ளோம். ஆயின் குலந்தழைத்தற்கு முதல் வாயிலாகிய கருப்ப காலத்தைப் பற்றி ஆடவரும் உடனிருக்கும் அவையிற் பேசுதல் நாணத்திற்குரியதென ஒதுக்கி வந்தோம். அந்நாணத்தின் பயனைத் தனியே சுமப்பவர் நம் வீட்டுப் பெண்களே. ஆகலின் இன்று அதனைப் பற்றிச் சில சொல்லத் துணிந்தோம்.

“மூன்று திங்கள் நிரம்புமுன் வெளியிற் சொல்லலாகாது, கண்ணேறு படும்” என்பது நம்மிடை நெடுங்காலமாக வழங்கும் வழக்கம். ஊராரிடம் சொல்லாதிருத்தல் அவரவர் விருப்பம். அதனை யாம் குறை கூறோம். ஆயின் அவ்வழக்கம் வளர்ந்து, செவிலியிடமும் சொல்லாமை, மருத்துவரிடமும் செல்லாமை என முடிகின்றதே, அதுவே தீங்கு. ஏனெனில் சிசுவின் முதன்மையான உறுப்புக்கள் உருப்பெறுவது அம்மூன்று திங்களிலேயேயாம். மூளையும் தண்டுவடமும் ஆதற்குரிய நரம்புக் குழாய் கருத்தரித்த ஏறக்குறைய 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கின்றது. தாய்க்கு ஐயம் பிறக்குமுன்னரே அவ்வேலை முடிந்துவிடுதலும் உண்டு.

இனி, தாயின் உடலில் நிகழும் மாறுதல்களை நோக்குவோம். கரு பதிந்தவுடன் எச்.சி.ஜி. என்னும் ஹார்மோன் குருதியிற் பெருகுகின்றது. கடையில் வாங்கிச் சிறுநீரைச் சோதிக்கும் அட்டை காட்டுவது இதனையே. புரொஜெஸ்டிரோன் என்னும் மற்றொரு ஹார்மோன் கருப்பையைத் தளர்த்திக் காக்கின்றது. அதுவே குடலின் ஓட்டத்தையும் மெதுவாக்குதலின் மலச்சிக்கலும் நெஞ்செரிச்சலும் உண்டாகின்றன. குருதியின் அளவு பெருகிச் சிறுநீரகங்கள் மிகுதியாக உழைத்தலால் அடிக்கடி சிறுநீர் பிரிகின்றது. மார்பு கனத்து நோகின்றது. பகலிலும் உறக்கம் வருகின்றது; அஃது சோம்பலன்று, உடல் உள்ளே செய்யும் பெருவேலையின் களைப்பாம்.

இவற்றுள் பெண்களை மிக வருத்துவது மசக்கை. பழந்தமிழர் இதன் வேட்கையை வயா என்றனர். கருவுற்ற பெண்டிரிற் பெரும்பாலோர்க்கு இது வருகின்றது. ஆறாம் வாரத்தையொட்டித் தொடங்கி, ஒன்பதாம் வாரத்தையொட்டி மிகுந்து, பலர்க்குப் பதினாறு முதல் இருபது வாரத்திற்குள் தணிகின்றது. காலையில் மட்டுமன்றி எந்நேரமும் வரலாம்.

“நாங்கள் பெறவில்லையா? இவளுக்கு மட்டும் என்ன பாசாங்கு?” என்னும் சொல் நம் வீடுகளிற் கேட்கப்படுவதுண்டு. அச்சொல்லை இன்றோடு ஒழித்தல் வேண்டும். 2023-ஆம் ஆண்டு வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று, கருவும் நஞ்சும் சுரந்து தாயின் குருதியிற் கலக்கும் ஜி.டி.எஃப். 15 என்னும் பொருளே மூளையைத் தாக்கிக் குமட்டலை விளைப்பதில் பெரும்பங்கு கொள்வதென நிறுவிற்று. கருவுறுமுன் அப்பொருள் உடலிற் குறைவாக இருந்த பெண்ணுக்குத் துன்பம் மிகுகின்றது. ஆகவே மாமியார்க்கு வாராதது மருமகளுக்கு வருதல் இயற்கையே, மனத்தின் குற்றமன்று.

இதனைத் தணிக்கும் வழிகள் எளியன. படுக்கையினின்றும் எழுமுன் சிறிது பொரியோ உலர்ந்த பிஸ்கோத்தோ உண்டு, சற்றே கழித்து எழுக. வயிறு வெறுமையாக இருத்தலும் நிரம்பி வழிதலும் ஒருங்கே தீயன. இரண்டு மணிக்கொருமுறை சிறுகச் சிறுக உண்க. தாளித மணமும் மீன் வறுக்கும் மணமும் ஒவ்வாவிடின் அடுக்களை வேலையைச் சில வாரம் பிறர் ஏற்க. கணவன்மார் ஏற்றலில் இழுக்கொன்றுமில்லை. ஆறிய சோறும், மோரும், கஞ்சியும், இளநீரும் பலர்க்கு ஒத்துக்கொள்ளும். இஞ்சி சிறிதளவு நலம் செய்யும். மலச்சிக்கலுக்குக் கீரையும் பழமும் நீரும் மருந்தாம். மண், சாம்பல், பச்சரிசி இவற்றைத் தின்னும் வேட்கை தோன்றின் நகைத்துவிடாதீர்கள். குருதிச் சோகையின் குறியாக இருக்கக்கூடுமாதலின் குருதியைச் சோதித்தல் வேண்டும்.

மருந்தைத் தாமே கடையில் வாங்கியுண்ணல் கூடாது. 1957-ஆம் ஆண்டு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடமைடு என்னும் மாத்திரையை மசக்கைக்கு நல்லதெனப் பல நாட்டுப் பெண்டிர் உண்டனர். 1961-இல் அது திரும்பப் பெறப்படுமுன் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறைந்து பிறந்தன. இன்று மசக்கைக்குத் தீங்கற்ற மருந்துகள் உள. அவற்றை மருத்துவரே தரல் வேண்டும்.

மருத்துவர் தரும் ஒன்றனை மறவாது உண்ணல் வேண்டும். அது ஃபோலிக் அமிலம். இதன் வரலாறு நம் நாட்டைச் சார்ந்தது. லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார் 1928-இல் இந்தியாவுக்கு வந்து, பம்பாயில் ஆலைத் தொழிலாளரான ஏழைக் கர்ப்பிணிகளின் சோகையை ஆராய்ந்தார். நம் நீலகிரிக் குன்னூரிலும் சிலகாலம் பணியாற்றினார். ஈஸ்ட்டின் சாறு அச்சோகையைத் தீர்ப்பதை 1931-இல் வெளியிட்டார். அதிலிருந்த சத்தே பின்னர் ஃபோலிக் அமிலமெனப் பெயர் பெற்றது. 1991-இல் வெளிவந்த மற்றொரு பேராய்வு, நரம்புக் குழாய்க் குறையுள்ள குழந்தையை முன் பெற்ற தாய்மார்க்கு இதனைக் கருவுறுமுன்னரே கொடுப்பின் அக்குறை மீண்டும் வருதல் பெரிதும் குறைகின்றதென மெய்ப்பித்தது. ஆதலின் குழந்தை வேண்டுமென எண்ணும்போதே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் தொடங்கி முதல் மூன்று திங்களும் உண்ணுதல் நன்று. இரும்புச் சத்து மாத்திரை நான்காம் திங்கள் முதல் வரும்.

நம் செம்மங்குப்பம் சிப்காட் தொழிற்பேட்டையை அடுத்துள்ளது. இரசாயனப் பொருள்களைக் கையாளும் வேலையில் உள்ள பெண்கள் கருவுற்றதை உடனே மருத்துவரிடம் சொல்லி, வேறு பணிக்கு மாற்றம் கேட்டல் வேண்டும். மறைப்பதால் வரும் கேடு இங்கு இருமடங்காம்.

இனி அஞ்சத்தக்க குறிகளைச் சொல்லுதும். ஒரு நாள் முழுதும் நீரும் தங்காது வாந்தியெடுத்தல், சிறுநீர் குறுகி நிறங்கருகல், எழுந்தால் மயங்கி விழுதல், உதிரம் படுதல், அடிவயிற்றில் ஒருபுறம் கடுநோவு, காய்ச்சல் ஆகிய இவற்றுள் ஒன்று தோன்றினும் விடியட்டும் எனக் காத்திராதீர்கள். கரு, கருப்பையிலன்றிக் குழாயிலே தங்கி வெடிப்பின் தாயின் உயிர்க்கே இறுதியாம். 108-ஐ அழைத்துக் கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கேனும், சிதம்பரத்து அண்ணாமலை நகரிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கேனும் உடனே செல்க.

மற்றொன்றும் சொல்லல் வேண்டும். அறியப்பட்ட கருக்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை கலைந்துபோகின்றன. முதல் திங்கள்களிற் கலைவனவற்றுட் பாதியளவிற்குக் காரணம் கருவின் குரோமோசோம்களில் நேர்ந்த பிழையே. அவள் குடம் தூக்கியதன்று, படியேறியதன்று, ராசியுமன்று. மறைத்து வைத்த கரு கலைந்தால் அவள் அழுதற்கும் இடமில்லை, “என்ன செய்தாய்?” என்னும் பழி மட்டும் எஞ்சுகின்றது. ஈன்றவளும் கொண்டவனும் அறிந்திருப்பின் அத்துயரைப் பகிர்ந்து கொள்ளலாமன்றோ?

1912-இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெயரால் நம் மாநிலத்தில் மகப்பேறு உதவித் திட்டம் நடைபெறுவதைப் பலரும் அறிவீர். அவ்வுதவிக்கும் வேளையோடு பதிந்துகொள்ளல் இன்றியமையாதது. பன்னிரண்டு வாரத்திற்குள் கிராம சுகாதாரச் செவிலியிடம் பெயர் பதிந்தால் குருதி, சிறுநீர், இரத்த அழுத்தம் ஆகியன சோதிக்கப்படும். குறை முளையிலேயே வெளிப்படும்.

ஆதலின் நம் சங்கத்துக் குடும்பங்கள் மூன்றனை உறுதி கொள்ளுமாறு வேண்டுகின்றோம். நாள் தள்ளிய வாரத்திலேயே செவிலியிடம் சொல்லுதல்; மசக்கையைப் பாசாங்கென்னாது வேலையைப் பகிர்தல்; அபாயக் குறி கண்டால் யாருடைய இசைவிற்கும் காத்திராது மருத்துவமனை சேர்தல். கண்ணேறு அஞ்சுவோர் ஊர்க்கண்ணுக்கு மறைக்கட்டும். காக்கும் கண்ணுக்கு மறைக்க வேண்டா.