பச்சைப் பாவு

மாசி மாதத்தில் தஞ்சாவூரிலிருந்து பாபநாசம் வழியாகக் கும்பகோணம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், வயல்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சம்பா அறுத்தாகிவிட்டது. அறுத்த தாள் வைக்கோல் மஞ்சளாகக் காய்ந்து நிற்கிறது. தாளுக்கு ஊடே, தரையை ஒட்டி, உளுந்தும் பச்சைப்பயறும் தழைத்து வருகின்றன. அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே, கதிர் நிற்கிற வயலில், மண்ணின் ஈரம் காய்வதற்குள் தெளித்துவிட்ட பயறு அது. எட்டத்தில் இருக்கும்போது வயல் மஞ்சளாகத் தெரிகிறது. பஸ் நெருங்க நெருங்க அதே வயல் பச்சையாகிறது.

ஏறக்குறைய இதே ஜோடியை ஜப்பானிய அரண்மனை மரபில் உடுத்தியிருக்கிறார்கள். மேலே மஞ்சள் பட்டு, அதற்கு உள்ளே வெளிர்பச்சைப் பட்டு. அதன் பெயர் 'கரெனோ', காய்ந்த வெளி. பனிக்காலத்துக்கு உரிய உடை.

இந்த மரபு செழித்தது ஹெயான் காலத்தில். கி.பி. 794 முதல் 1185 வரை, இன்றைய கியோத்தோ நகரம் தலைநகராக இருந்த காலம் அது. அரண்மனைப் பெண்கள் பட்டு அங்கிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்தார்கள். பன்னிரண்டு அடுக்கு என்று பொருள்படும் 'ஜூனிஹிதோஎ' என்ற பெயர் இந்த உடைக்கு நிலைத்துவிட்டது. அடுக்கு எப்போதும் பன்னிரண்டாகவே இருந்தது என்று சொல்ல முடியாது. உள்ளே எத்தனை இருந்தாலும் வெளியே தெரிவது கை நுனியும் கழுத்தோரமும் கீழ்விளிம்பும்தான். அங்கே ஒவ்வொரு அடுக்கும் துளித் துளியாக எட்டிப் பார்க்கும். விழா நாட்களில் பெண்கள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, அங்கியின் கை நுனியை மட்டும் திரைக்கு வெளியே விட்டிருப்பார்கள். மாட்டு வண்டியில் போகும்போதும் அப்படியே. முகம் தெரியாது, வண்ணம் தெரியும். அதை வைத்தே உள்ளே இருப்பவருடைய ரசனையை எடைபோட்டார்கள்.

எந்த ஜோடி எந்தப் பருவத்துக்கு என்று கணக்கு இருந்தது. வெள்ளைக்கு உள்ளே சிவப்பு வைத்தால் செர்ரிப் பூ. வெள்ளைக்கு உள்ளே பச்சை வைத்தால் வில்லோ மரம். இரண்டும் வசந்தத்துக்கு. வெளிர் ஊதாவுக்குள் பச்சை என்றால் கொடியில் சரம் சரமாகத் தொங்கும் விஸ்டீரியா. வெள்ளைக்குள் வெள்ளையே வைத்தால் பனிக்கட்டி. பட்டு மெல்லியது என்பதால் உள்நிறம் மேல்நிறத்தில் லேசாகக் கசியும். அந்தக் கசிவுதான் இந்தக் கலையின் உயிர் என்று நான் நினைக்கிறேன்.

பூ பூப்பதற்குச் சற்று முன்பே அதன் நிறத்தை உடுத்திவிடுவது அழகு. பூவின் காலம் போன பிறகும் உடுத்துவது அழகில்லை. பேரரசி தெய்ஷியிடம் பணியாற்றிய செய் ஷோனகோன் 'தலையணைப் புத்தகம்' என்ற தன் நூலில், மனத்தைச் சலிப்படையச் செய்கிறவை என்று ஒரு பட்டியல் போடுகிறார். பகலில் குரைக்கும் நாய் அதில் ஒன்று. மூன்றாம், நான்காம் மாதத்தில் உடுத்திய செம்பிளம் பூ நிற அங்கி இன்னொன்று. 'கெஞ்ஜியின் கதை'யை எழுதிய முராசாகி ஷிகிபுவும் தன் நாட்குறிப்பில், ஒரு பெண்ணின் கை நுனியில் வண்ணச் சேர்க்கை சற்றுப் பிசகியதைக்கூட விடாமல் குறித்து வைத்திருக்கிறார்.

ஜப்பானியக் கதை நமக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். திருபுவனத்தை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

கும்பகோணத்தை விட்டு மயிலாடுதுறைச் சாலையில் கொஞ்ச தூரம் போனால் திருபுவனம். மூன்றாம் குலோத்துங்கன் எடுப்பித்த கம்பகரேசுவரர் கோயில் இருக்கும் ஊர். சௌராஷ்டிரக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பட்டு நெய்யும் ஊர். 2019இல் திருபுவனம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சேலையை விசிறி மடிப்பாக மடிப்பது அந்த ஊர் வழக்கம்.

அங்கே தறியில் நடப்பதைப் பார்ப்போம். நெடுக்கு நூலான பாவு ஒரு நிறம், குறுக்கு நூலான ஊடை இன்னொரு நிறம். நீலப் பாவில் பச்சை ஊடையை ஓட்டினால் மயில்கழுத்து வரும். கடையில் டபுள் ஷேடு என்பார்கள். துணியைக் கையில் பிடித்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள்: மடிப்பின் மேட்டில் ஒரு நிறம், பள்ளத்தில் ஒரு நிறம். பட்டு இழையின் குறுக்குவெட்டு உருண்டையாக இல்லாமல் ஏறத்தாழ முக்கோணமாக இருப்பதால் ஒளி அதில் பட்டுத் தெறிக்கிறது. பாவு நெடுக்கே கிடக்கிறது, ஊடை குறுக்கே கிடக்கிறது. நாம் பார்க்கும் கோணம் மாறினால், ஒளியை நம் கண்ணுக்கு அனுப்பும் நூலும் மாறிவிடுகிறது. பாவையும் ஊடையையும் வேறு வேறு நிறத்தில் வைத்து நெய்யும் முறை ஜப்பானிய அரண்மனையிலும் இருந்தது. அந்தச் சேர்க்கைகளுக்கும் பெயர்கள் உண்டு. ஆக, இரண்டு நிறத்தை ஒரே துணியில் குடியிருக்க வைக்கும் வித்தை நமக்குப் புதிதில்லை.

தஞ்சை அரண்மனையும் அந்த ருசி அறிந்ததுதான். கொள்ளிடத்தின் வடகரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில், கொடாலி கருப்பூர் என்ற ஊர். தஞ்சை மராத்திய மன்னர் குடும்பத்துக்காக அங்கே ஒரு சேலை செய்தார்கள். பருத்தியில் ஜரிகைப் பூ வைத்து நெய்வார்கள். பிறகு அதன்மேல் மெழுகால் எழுதி, சிவப்பிலும் கருஞ்சிவப்பிலும் சாயம் ஏற்றுவார்கள். பொன் அடியில், சாயம் மேலே. மாலை வெளிச்சத்தில் அந்தச் சிவப்புக்குள்ளிருந்து பொன் மினுங்கும். 1855இல் ஆங்கிலேயர் தஞ்சை அரசை எடுத்துக்கொண்டார்கள். வாங்க அரண்மனை இல்லாமல் அந்த நெசவும் நலிந்து போயிற்று. இன்று அருங்காட்சியகக் கண்ணாடிக்குள்தான் அதைப் பார்க்க முடிகிறது. எனக்கு இது தீராத வருத்தம்.

ஆனால் நம் உடையில் நிறம் சடங்கோடு போகிறது. முகூர்த்தத்துக்கு அரக்கு. சபரிமலைக்கு மாலை போட்டால் கறுப்பு. அம்மனுக்கு நேர்ந்துகொண்டால் மஞ்சள் அல்லது சிவப்பு. பருவத்துக்கென்று நாம் நிறம் எடுப்பதில்லை. இத்தனைக்கும் நம் பட்டு நிறங்களின் பெயர்களைப் பாருங்கள்: மாந்துளிர், மாம்பழ மஞ்சள், வாடாமல்லி, கத்தரிப்பூ, வெங்காயத் தோல். கொல்லையிலும் தோப்பிலும் பிறந்த பெயர்கள். மாந்துளிர் கிளம்பும்போது செம்பு நிறம், சில நாளில் பச்சை. ஒரே கொத்தில் இரண்டையும் பார்க்கலாம்.

பருவத்தின் நிறத்தைப் படிக்கிற கண் நமக்கு இல்லையா என்றால், இருக்கிறது. அது வயலில் இருக்கிறது. நட்ட பயிர் வெளுத்துப்போய், வேர் பிடித்துப் பச்சை கட்டுவதை வரப்பில் நின்றபடியே சொல்லிவிடுவார்கள் நம் விவசாயிகள். அந்தக் கண்ணுக்குத் துணையாக இலை வண்ண அட்டை என்று ஒன்று உண்டு. வெளிர்பச்சை முதல் கரும்பச்சை வரை பட்டை பட்டையாக இருக்கும். காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள், வெயில் படாமல் உடம்பின் நிழலில் இலையைப் பிடித்து அட்டையோடு ஒப்பிட வேண்டும். பத்து இலைகளைப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பொன்னி நெல்லுக்கு அட்டையில் 3ஆம் எண் பட்டை, மற்ற ரகங்களுக்கு 4ஆம் எண் பட்டை. நிறம் அதற்குக் கீழே இறங்கினால் தழைச்சத்து இட வேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. இந்த அட்டையை முதலில் உருவாக்கியவர்கள் யார் தெரியுமா? ஜப்பானியர்கள்தான். 1980களில் அங்கே பிறந்து, பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வழியாக ஆசிய வயல்களுக்கெல்லாம் வந்தது.

அப்படியானால் வயலில் இருக்கும் கண்ணைத் தறிக்குக் கொண்டுவரலாமே என்பது என் ஆசை. காவிரி டெல்டாவின் நிறங்கள் ஜோடியாகவே வருகின்றன. ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்து தண்ணீர் வந்தால், ஆனியில் குறுவை நாற்றங்காலில் கரும்பழுப்புச் சேற்றின்மேல் எலுமிச்சை கலந்த இளம்பச்சை. ஆடியில் செம்பழுப்பாகப் புதுவெள்ளம், அதன் கரையில் தாலிச்சரடு மஞ்சள். ஐப்பசியில் சம்பாப் பச்சை, அதன்மேல் கவிந்த மேகச் சாம்பல். தையில் கதிரெல்லாம் பொன், தோகை மட்டும் இன்னும் பச்சை.

நெசவாளர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். பாவு போடுவது பெரிய வேலை. சாயம் ஏற்றி, இழை பிரித்து, தெருவில் நீட்டி, தறியில் ஏற்ற வேண்டும். மாதத்துக்கு ஒரு நிறம் கேட்டால் அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. நியாயம்தான். ஆனால் மேலே சொன்ன ஜோடிகளை மறுபடி எண்ணிப் பாருங்கள். ஆடியைத் தவிர எல்லாவற்றிலும் பச்சை இருக்கிறது. பாவைப் பச்சையாகவே வைத்துக்கொள்ளலாம். நாடாவில் இருக்கும் ஊடையை மட்டும் மாற்றினால் போதும். கரும்பழுப்பு ஊடை ஓடினால் ஆனி. சாம்பல் ஓடினால் ஐப்பசி. பொன் ஓடினால் தை. வைக்கோல் மஞ்சள் ஓடினால் மாசி. ஒரே பாவில் அடுத்தடுத்த சேலைகளை அடுத்தடுத்த பருவமாக நெய்துவிடலாம். பட்டில் விலை கூடுதல் என்றால், பட்டும் பருத்தியும் கலந்து நெய்த கூறைநாட்டு மரபு மயிலாடுதுறையில் இருக்கிறது. முதலில் அந்தக் கலப்பு நூலில் சோதித்துப் பார்க்கலாம். அடுத்த முறை திருபுவனத்துக்குச் சேலை எடுக்கப் போகிறவர்கள், முகூர்த்தச் சேலையை எடுத்து முடித்த பிறகு, பச்சைப் பாவில் வைக்கோல் மஞ்சள் ஊடை ஓட்டி ஒன்று நெய்து தர முடியுமா என்று கேட்டுவிட்டு வாருங்கள்.