நடுகல்லும் படக்கதை மறவனும்

(கம்பத்தில் தமிழன்பர் நடுவே ஆற்றப்பெற்ற உரை)



ஆண்டிபட்டி வட்டத்தில் புலிமான்கோம்பை என்றொரு சிற்றூர் உளது. 2006ஆம் ஆண்டில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டறிந்தனர். அவற்றுள் ஒன்று, கூடலூர் ஆகோளில் பட்ட அந்தவன் என்பானுக்கு எடுத்த கல். கம்பத்தை அடுத்தும் ஒரு கூடலூர் இருப்பதை இங்குள்ளோர் அறிவர். ஆகோள் என்பது தொல்காப்பியர் வெட்சித் திணையில் ஆண்ட சொல். ஈராயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது என்று அறிஞர் கூறும் அக்கல்லில் மாண்டவன் பெயர் உண்டு; ஊரின் பெயர் உண்டு; பூசலின் பெயர் உண்டு. பகைவனைப் பழிக்கும் சொல் ஒன்றேனும் உண்டா? இல்லை!

இதனை நெஞ்சில் நிறுத்திக்கொண்டு, சிறுவர் விரும்பிப் படிக்கும் மீவலி மறவர் படக்கதைகளை நோக்குவோம்.

1941ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் எனக் குறித்து வெளிவந்த ‘கேப்டன் அமெரிக்கா’ முதலிதழின் அட்டையில், நாட்டுக் கொடியையே உடையாக உடுத்த மறவன் இட்லரின் முகத்தில் குத்துகின்றான். அமெரிக்கா போரில் இறங்கியதோ அவ்வாண்டு திசம்பரில்! அம்மறவனைப் படைத்த சோ சைமனும் சாக் கெர்பியும் யூதக் குடிப்பிறந்தோர். தம் இனத்தைக் கருவறுக்க முனைந்த கொடியவனை ஓவியத்திலேனும் அடித்த அவர்தம் சினம் அறச்சினமே.

ஆனால், போர் மூண்டபின் நிகழ்ந்தது என்ன? கொடுங்கோலன் ஒருவனை அடித்த கை, ஓர் இனத்தையே இழித்துத் தீட்டலாயிற்று. சப்பானியர் என்றாலே கோரைப்பல், மஞ்சள் பூசிய மேனி, வஞ்சப் பார்வை. அந்த 1942இலேயே அமெரிக்காவில் வாழ்ந்த சப்பானிய வழியினரை முள்வேலித் தடுப்பகங்களில் அடைக்கத் தொடங்கினர். அடைபட்டோர் ஏறத்தாழ 1,20,000 பேர். அவருட் பெரும்பாலார் அந்நாட்டுக் குடிமக்களே! படக்கதையே அதற்குக் காரணம் என்பார் இலர். ஆயினும், பகைவனை மாந்தனாகவே காட்டாத படங்களில் பழகிய கண், அண்டை வீட்டான் அடைபடுங்கால் கலங்குமா?

தமிழகத்துக்கு வருவோம். 1972இல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்சின் முதலிதழ் ‘இரும்புக்கை மாயாவி’. அத்தகைய நூல்கள் தமிழைப் படிக்கும் சுவையைச் சிறுவர் பலர்க்கு ஊட்டின. அந்நன்றியை மறத்தல் தகாது. எனினும் அம்மாயாவி யார்? 1962இல் இங்கிலாந்துக் கிழமை இதழொன்றில் பிறந்தவன். பின்னர்ப் பிரித்தானிய மறைவுப் படைக்கு உழைத்தவன். பேசும் மொழி தமிழ். காக்கும் நாடு பிறர் நாடு!

அவ்வுலகப் போரில் தமிழன் எங்கே இருந்தான்? மலையாத் தோட்டங்களிலிருந்து சப்பானியர் கொண்டுசென்ற தமிழர் பல்லாயிரவர் சயாம்–பர்மாத் தொடர்வண்டிப் பாதை அமைக்கையில் நோயாலும் பசியாலும் மாண்டனர். அத்தகைய தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்ப் பெண்களோ, 1943இல் நேதாசி அமைத்த சான்சி அரசிப் படையில் துமுக்கி ஏந்தினர். பிரித்தானியப் படையிலும் தமிழர் இருந்தனர். சப்பானியரால் மாண்டவனும் தமிழன். சப்பானியர் அணியில் நின்றவனும் தமிழன். அவரை எதிர்த்தவனும் தமிழன்! கோரைப்பல் படத்துள் இவ்வுண்மை அடங்குமா?

வெண்ணிப் போரில் கரிகாலன் வென்றான். சேரலாதன் புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்தான். வென்ற வேந்தனை முன்னிலைப்படுத்தியே, தோற்றவன் அவனினும் உயர்ந்தோன் எனப் பாடினார் வெண்ணிக்குயத்தியார். பகைநாட்டை எரியூட்டியதைப் புகழும் பாட்டும் புறநானூற்றில் உண்டு. அதனை மறைத்தல் வேண்டா. ஆயினும், வென்றவன் முன்னரே தோற்றவன் மானத்தைப் போற்றிய நெஞ்சுரமும் அந்நூலில்தான் உண்டு. அவ்வுரம் எந்தப் போர்க்காலப் படக்கதைக்கு வாய்த்தது?

ஆகவே, பெற்றோர்களே! படக்கதையைப் பிள்ளை கையிலிருந்து பறிக்காதீர். உடனமர்ந்து, “இவன் யாருக்காகப் போரிடுகிறான்? எதிரிக்கு ஏன் இந்த முகம்?” என வினவுங்கள். ஓவியர்களே! அந்தவனை வரையுங்கள். சயாம் காட்டில் மாண்ட பெயரறியாத் தமிழரை வரையுங்கள். பகைவனையும் மாந்த முகத்தோடு வரையுங்கள்.

தாய்நாட்டைப் போற்றப் பிறநாட்டானை இழிக்க வேண்டுவதில்லை. கல்லில் எழுதிய தமிழன் அறிந்திருந்த இதனைத் தாளில் எழுதும் தமிழனும் அறிவானாக!

வெல்க தமிழ்!