மதிலும் மலரும்



ஆக்ஸ்போர்டு செல்வோர் பெரும்பாலும் கோபுரங்களை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். அந்நகரின் வரலாற்றைச் சொல்பவையோ அதன் மதில்கள்.

மாட்லின் கல்லூரிக்கு எதிரே (எழுத்தில் மக்டலன், நாவில் மாட்லின், ஆங்கிலத்தின் குறும்பு!) செர்வெல் ஆற்றங்கரையில் இங்கிலாந்தின் மிகப் பழைய தாவரவியல் தோட்டம் உள்ளது. 1290-இல் நாட்டைவிட்டே துரத்தப்படும்வரை யூதர்கள் தம் இறந்தோரைப் புதைத்த நிலம் அது. 1621-இல் டான்பி பிரபு 5,000 பவுன் வழங்க, அங்கே மூலிகைத் தோட்டம் உருவாயிற்று. வெள்ளம் ஏறும் தாழ்நிலமாதலின் 4,000 வண்டி எருவும் குப்பையும் கொட்டி மேடாக்கினர். பின்னர் மதிலிலும் அலங்கார வாயிலிலுமே பெரும்பணம் கரைந்தது. செருமனியிலிருந்து வந்து தோட்டத்தைப் பேணிய போபார்ட் 1645-இல் நட்ட யூ மரம் இன்றும் நிற்கிறது. பிரபுவின் வாயிலைவிட அந்த உழைப்பாளியின் மரமே காணத்தக்கது.

அம்மதிலை மதியாத செடி ஒன்றுண்டு. சிசிலியின் எட்னா எரிமலைச் சரிவிலிருந்து வந்த மஞ்சள் பூச்செடி அது. லின்னேயஸ் அதற்கு இட்ட இலத்தீன் பெயரில் ‘அழுக்கானது’ என்னும் பொருள் தொனிக்கிறது. அழகிய பூவுக்கு அநியாயப் பெயர்! தோட்டத்தினின்று தப்பி, 18-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் நகரத்துச் சுவர்களில் அது வேர்கொண்டது. 1844-இல் ஆக்ஸ்போர்டுக்கு இரயில் வந்தது. தண்டவாளத்தடிச் சரளையும் கரிக்கட்டியும் எரிமலைக்கல்லை ஒத்திருந்தமையால், விதைகள் பாதைநெடுகப் பரவி நாடெங்கும் பூத்தன.

செடிக்கு வாய்த்தது பெண்ணுக்கு வாய்க்கவில்லை. கல்லூரி முற்றத்துப் பசும்புல்லில் கால்வைக்கும் உரிமை, பல கல்லூரிகளில், ஆசிரியக் குழுவினர்க்கே உரியது. கேம்பிரிட்ஜின் பெண்கள் கல்லூரிகளான நியூனமிலும் கர்ட்டனிலும் 1928-இல் வர்ஜீனியா உல்ஃப் ஆற்றிய உரைகள், மறு ஆண்டு ‘தனக்கென ஓர் அறை’ என்னும் பொருள்படும் நூலாக விரிந்தன. அதில் ஒரு பெண் அத்தகைய புல்லிலிருந்து விரட்டப்படுகிறாள். நூலகக் கதவும் அவளுக்குத் திறக்கவில்லை. கல்லூரி கற்பனை; அவமதிப்பு கற்பனையன்று. ஆக்ஸ்போர்டு 1920-இல்தான் பெண்களுக்குப் பட்டம் அளித்தது. கேம்பிரிட்ஜ் 1948 வரை காக்கவைத்தது. 1458-இல் தோன்றிய மாட்லினோ 1979-இல்தான் மாணவியரைச் சேர்த்தது. ஐந்நூற்று இருபத்தொரு ஆண்டுகள்!

பெண்களுக்குப் பட்டம் மறுத்த அந்த ஆக்ஸ்போர்டில்தான் ஜி. யு. போப் தமிழ் கற்பித்தார். 1886-இல் திருக்குறளும் 1900-இல் திருவாசகமும் அவரது ஆங்கிலத்தில் வெளிவந்தன. திருவாசகத்தை அச்சிட்டது அப்பல்கலைக்கழகத்தின் கிளாரண்டன் அச்சகமே. குறள் கற்க அங்கே இடமிருந்தது. குறளைக் கற்ற பெண்ணுக்குப் பட்டமில்லை. போப் 1908-இல் மறைந்தார். கல்லூரிகளைக் கண்டு களைத்தவர்கள் வால்டன் தெருவரை நடந்தால், புனித செபல்கர் இடுகாட்டில் அவர் கல்லறையைக் காணலாம்.