கேட்கத் தெரிந்தவர்: பார்பரா கோப்பிள்

(ஆசிரியர்களுக்கான திரைப்பட ரசனைப் பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் பள்ளிகளில் சிறார் திரைப்படங்களைத் திரையிடுகிறோம். படம் முடிந்ததும் கதையைச் சொல்லச் சொல்கிறோம். பிடித்த பாத்திரத்தை வரையச் சொல்கிறோம். கதைப்படங்களைப் பற்றிக் குழந்தைகளோடு பேச நமக்கு ஓரளவு பழகிவிட்டது. ஆவணப்படம் என்றதும்தான் தயக்கம் வருகிறது. பின்னால் ஒரு குரல் விளக்கிக்கொண்டே போகும், பார்க்கிறவர்களுக்குக் கண் சொக்கும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அந்த நினைப்பை மாற்றக்கூடிய ஒரு பெண்மணியைப் பற்றி இன்று பேசப் போகிறேன். அவர் பெயர் பார்பரா கோப்பிள். 1946இல் நியூயார்க் நகரில் பிறந்தவர். தம் ஆவணப்படங்களுக்காக இருமுறை ஆஸ்கர் விருது பெற்றவர்.

கோப்பிள் கல்லூரியில் படித்தது உளவியல். பாடத்துக்காக ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டியிருந்தபோது, அதற்குப் பதிலாக ஒரு படம் எடுத்துத் தந்தார். அதுதான் தொடக்கம். பிறகு நியூயார்க்கில் புகழ்பெற்ற மேசல்ஸ் சகோதரர்களின் படக்குழுவில் உதவியாளராகச் சேர்ந்து தொழில் கற்றார். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் சாட்சியங்களைப் பதிவுசெய்த ‘வின்டர் சோல்ஜர்’ (1972) படத்தைக் கூட்டாக உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர்.

அந்தக் காலத்தில் அமெரிக்க நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடையே பெரும் கொந்தளிப்பு இருந்தது. 1968இல் மேற்கு வர்ஜீனியாவின் ஃபார்மிங்டன் சுரங்கத்தில் ஏற்பட்ட வெடிவிபத்தில் 78 பேர் இறந்தார்கள். மறு ஆண்டு, சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைமையை எதிர்த்துத் தேர்தலில் நின்ற ஜோசப் யப்லான்ஸ்கி, மனைவியோடும் மகளோடும் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தச் சங்கத்துக்குள் நடந்த சீர்திருத்த இயக்கத்தைப் படமெடுக்கத்தான் கோப்பிள் முதலில் கிளம்பினார்.

1973இல் கென்டக்கி மாநிலத்தின் ஹார்லன் மாவட்டத்தில், புரூக்சைடு சுரங்கத்தில் வேலைநிறுத்தம் தொடங்கியது. தொழிலாளர்கள் சங்கத்தில் சேர வாக்களித்திருந்தார்கள். சங்கத்தோடு ஒப்பந்தம் போட நிறுவனம் மறுத்தது. கேமராவோடு அங்கே போன கோப்பிள், போராட்டம் முடியும்வரை அந்த மக்களோடேயே தங்கிவிட்டார். வேலைநிறுத்தம் 13 மாதங்கள் நீடித்தது. அதிலிருந்து பிறந்ததுதான் ‘ஹார்லன் கவுன்டி, யு.எஸ்.ஏ.’ (1976). 103 நிமிடம் ஓடும் படம்.

அந்தக் குழுவில் அவர் செய்த வேலையைக் கவனியுங்கள். கேமராவை இன்னொருவர் பிடித்தார். இயக்குநரான கோப்பிள் ஒலிப்பதிவுக் கருவியையும் மைக்கையும் சுமந்தார். கேட்பதுதான் அவர் வேலை. படத்தில் பின்னணி வர்ணனையே கிடையாது. “இவர்கள் ஏழைகள், இவர்கள் பாடுபடுகிறார்கள்” என்று யாரும் நமக்கு விளக்குவதில்லை. ஒரு தாய் தகரத் தொட்டியில் தண்ணீர் ஊற்றித் தன் குழந்தையைக் குளிப்பாட்டுகிறார். அந்த வீட்டில் குழாய்த் தண்ணீர் இல்லை. காட்சி அவ்வளவுதான். சுரங்கத்திலிருந்து தோண்டி எடுக்கிற நிலக்கரியால் ஊருக்கெல்லாம் வெளிச்சம், எடுக்கிறவர் வீட்டில் குழாய் இல்லை என்பதைப் பார்க்கிறவரே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மறியலில் எத்தனை பேர் நிற்கலாம் என்று நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்தது. அப்போது தொழிலாளர்களின் மனைவியர் கையில் கம்போடு சாலைக்கு வந்தார்கள். கருங்காலிகளின் வண்டிகளை மறித்தார்கள். அவர்களுக்குள் சண்டையும் வருகிறது, ஒருவரையொருவர் குறைசொல்லிக் கத்துகிறார்கள். கோப்பிள் அதையும் படத்தில் வைத்தார். போராடுகிறவர்களை அவர் தெய்வமாக்கவில்லை, மனிதர்களாகவே காட்டினார். அதே மாவட்டத்தில் 1931இல் நடந்த போராட்டத்தின்போது தாம் எழுதிய பாடலை, முதிய வயதில் ஃபுளோரன்ஸ் ரீஸ் கூட்டத்தின் முன் நின்று பாடுகிறார். நாற்பது ஆண்டு வரலாறு அந்த ஒரு குரலில் வந்துவிடுகிறது. பாடநூலில் இதற்கு எத்தனை பக்கம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு விடியற்காலை மறியலில் துப்பாக்கிச் சூடு நடக்கிறது. படக்குழுவும் தாக்கப்படுகிறது. திரை இருளில் தடுமாறுகிறது. சுட வேண்டாம் என்று கத்துகிற கோப்பிளின் குரல் கேட்கிறது. அதற்குப் பிறகும் அவர் ஊரைவிட்டுப் போகவில்லை. பணம் பெரிய பிரச்சினையாக இருந்தது. கையில் படச்சுருள் தீர்ந்த நாட்களிலும் குழுவினர் கேமராவோடு போய் நின்றார்கள். கேமரா இருக்கும் இடத்தில் அடிதடி குறைகிறது என்பதை அவர்கள் கண்டுகொண்டிருந்தார்கள். பதிவு செய்ய ஒன்றுமில்லாதபோதும் பக்கத்தில் நிற்பதே ஓர் உதவி.

1974 ஆகஸ்டில் லாரன்ஸ் ஜோன்ஸ் என்ற இளம் தொழிலாளி சுடப்பட்டு இறந்தார். அதன் பிறகுதான் நிறுவனம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. வெற்றியையும் அதற்குக் கொடுத்த விலையையும் படம் சேர்த்தே காட்டுகிறது. 1977இல் இந்தப் படம் ஆஸ்கர் விருது பெற்றபோது கோப்பிளுக்கு வயது 30. 1990இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் இது சேர்க்கப்பட்டது.

இதோடு நிறுத்திக்கொண்டால் அவரைப் பற்றிப் பாதிதான் தெரிந்துகொண்டவர்கள் ஆவோம். அடுத்து வந்த ‘அமெரிக்கன் டிரீம்’ படம்தான், என் எண்ணத்தில், ஆசிரியர்களுக்கு இன்னும் நெருக்கமானது.

மினசோட்டா மாநிலத்தில் ஆஸ்டின் என்று ஓர் ஊர். அங்கே ஹார்மல் என்ற இறைச்சி நிறுவனத்தின் ஆலை. நிறுவனம் லாபத்தில் நடந்துகொண்டிருந்தபோதே, மணிக்கு 10.69 டாலராக இருந்த கூலியை 8.25 டாலராகக் குறைத்தது. 1985இல் உள்ளூர்ச் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. ஹார்லனில் யார் எந்தப் பக்கம் என்பது தெளிவாகத் தெரிந்தது. ஆஸ்டினில் அந்தத் தெளிவு இல்லை. உள்ளூர்ச் சங்கம் ஒரு வழி சொன்னது. “இந்த வழியில் போனால் எல்லாவற்றையும் இழப்போம்” என்ற கருத்தோடு தேசியச் சங்கத்தின் பேச்சுவார்த்தையாளர் எதிர்த்து நின்றார். வீட்டுக் கடனையும் பிள்ளைகளையும் நினைத்துச் சிலர் வேலைக்குத் திரும்பினார்கள். அண்ணன் ஒரு பக்கம், தம்பி மறுபக்கம் என்று குடும்பங்கள் பிரிந்தன. கடைசியில் போராட்டம் தோற்றது.

கோப்பிளின் மனம் தொழிலாளர் பக்கம் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனாலும் எதிர்க்கருத்துச் சொன்ன பேச்சுவார்த்தையாளருக்கும் படத்தில் உரிய இடம் தந்தார். வேலைக்குத் திரும்ப முடிவெடுத்தவர்கள் கலங்கி அழுவதையும் காட்டினார். முதல் படத்தில் ‘கருங்காலி’ என்ற சொல்லோடு கடந்துபோன மனிதர்களின் முகத்தை இந்தப் படத்தில் அருகில் பார்க்கிறோம். இதற்காக 1991இல் இரண்டாவது ஆஸ்கர் கிடைத்தது. பிறகும் அவர் ஓய்ந்துவிடவில்லை. இராக் போரையொட்டிச் சொன்ன ஒரு கருத்துக்காகக் கடும் எதிர்ப்பைச் சந்தித்த பெண்கள் இசைக்குழுவைப் பற்றி, செசிலியா பெக் என்பவருடன் சேர்ந்து ‘ஷட் அப் அன்ட் சிங்’ (2006) என்ற படத்தை இயக்கினார். புற்றுநோயோடு போராடிய பாடகி ஷாரன் ஜோன்ஸ் பற்றி 2015இல் ஒரு படம் எடுத்தார்.

ஆசிரியர்களே, இதிலிருந்து நம் வகுப்பறைக்கு என்ன எடுத்துக்கொள்ளலாம்?

நம் வகுப்பில் இருக்கிற பிள்ளைகளின் பெற்றோர் செங்கல் சூளையிலும் நூற்பாலையிலும் கட்டட வேலையிலும் இருக்கிறார்கள். அந்த வேலைகளைப் பற்றிப் பாடத்தில் வரும்போது நாம்தான் விளக்குகிறோம். நம் குரல்தான் பின்னணி வர்ணனை. அந்த வேலையை வீட்டில் தினமும் பார்க்கிற பிள்ளை கடைசி வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறது. அதற்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது என்பதை அந்தப் பிள்ளையும் அறியாது.

ஒரு சிறு முயற்சி செய்து பார்க்கலாம். எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் தம் தெருவில் ஒருவரிடம் அவர் செய்யும் வேலையைப் பற்றிக் கேட்டு வரட்டும். குறிப்பேடு போதும், முடிந்தால் பெரியவர்களின் கைபேசியில் ஒலிப்பதிவு. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் பாட்டியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டு வந்தாலும் நல்லது. மூன்று விதிகளை மட்டும் சொல்லிக்கொடுங்கள். பேசுகிறவரின் சம்மதத்தை முதலில் கேட்க வேண்டும். அவர் பேசும்போது குறுக்கிடக் கூடாது. அவர் சொன்னதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும். குடும்பத்தின் கடனோ சண்டையோ பேச்சில் வந்துவிட்டால், அது வகுப்புக்கு வராமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘ஹார்லன் கவுன்டி’ படத்தில் சாவும் வன்முறையும் உண்டு. சிறு பிள்ளைகளுக்கு அது ஏற்றதாக இருக்காது. மேல்வகுப்புக்கும் நீங்கள் முழுதாகப் பார்த்த பிறகு, தேவையான பகுதியை மட்டும் காட்டுங்கள்.

ஒருவரைப் பேசவைக்கத் திறமையான கேள்விகள் வேண்டும் என்று நினைக்கிறோம். ஹார்லனில் அந்தப் பெண்கள் கோப்பிளிடம் மனம் திறந்தது, அவர் விடியற்காலையில் அவர்களோடு சாலையில் நின்றதால். நமக்கு அந்த வாய்ப்பு ஆண்டுக்கு இருநூறு நாளுக்குமேல் தரப்பட்டிருக்கிறது. அத்தனை நாளும் அந்தக் கடைசி வரிசைப் பிள்ளையின் பக்கத்தில் இருக்கிறோம். ஒரு நாளில் ஐந்து நிமிடம் நம் குரலை நிறுத்திப் பார்ப்போம். பேச்சு அங்கிருந்து வரும்.