ஈகையும் வரவுசெலவும்



மருத்துவமனையின் வருவாயைப் பற்றிப் பேசுவதே பண்பன்று என எண்ணுவோர் உளர். பிணி தீர்க்கும் இடத்தில் இலாபக் கணக்கு எதற்கு என்பது அவர்தம் வினா. ஆனால் மாத முடிவில் செவிலியர் ஊதியத்திற்கும் மின்கட்டணத்திற்கும் பொருளில்லாத அறநிலையம் நெடுநாள் நில்லாது. அதன் கதவு மூடப்படும் நாளில் செல்வர் வேறிடம் செல்வர். ஏழை எங்கே செல்வான்?

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் வரலாறு இதற்கு விடை கூறும். அரசுப் பணியில் ஓய்வுபெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி, 1976இல் 11 படுக்கைகளுடன் அதனைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணியவர். அவ்விரல்களாலேயே அறுவை செய்தவர்.

கட்டடம், கருவி, மருத்துவர் ஊதியம் ஆகிய செலவுகள், ஒருவர் வந்தாலும் நூறு பேர் வந்தாலும் பெரிதும் மாறுவதில்லை. எனவே அறுவைக்கூடம் சும்மா கிடக்கும் ஒவ்வொரு மணியும் நட்டமே. அரவிந்தில் மருத்துவர் ஒருவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் கண்புரை அறுவை நடக்கையில், மற்றொன்றில் அடுத்தவரை ஆயத்தம் செய்கின்றனர். பார்வைச் சோதனை முதலிய பணிகளை, இரண்டாண்டுப் பயிற்சி பெற்ற சிற்றூர்ப் பெண்கள் செய்கின்றனர். மருத்துவர் மட்டுமே செய்யவல்ல பணியே மருத்துவருக்கு விடப்படுகிறது. மெக்டொனால்ட்ஸ் உணவகங்களின் ஒழுங்குமுறையை வெங்கடசாமி வியந்து பேசியதுண்டு. அங்கு விற்கும் பண்டம் இந்த அவைக்கு ஏற்புடையதன்று. எல்லாக் கிளைகளிலும் மாறாத வேலைமுறையோ கற்கத்தக்கது.

அடுத்த இடர் உள்விழி லென்ஸ். இறக்குமதி விலை ஏழைக்கு எட்டாதிருந்தது. 1992இல் ஆரோலேப் என்னும் தொழிற்கூடத்தை நிறுவி அதனை இங்கேயே செய்தனர். விலை பன்மடங்கு குறைந்தது. செலவைக் குறைக்க ஊதியத்தில் கைவைக்கும் நிருவாகிகள் இதனை எண்ணிப் பார்ப்பது நன்று.

கட்டணம் செலுத்துவதா, இலவசப் பிரிவுக்குச் செல்வதா என்பதை வருவோரே முடிவு செய்கின்றனர். வருமானச் சான்று கேட்பதில்லை. பணம் கூடுதல் வசதியான அறையைத் தரும். மேலான அறுவையைத் தராது. மருத்துவர்கள் இரு பிரிவிலும் மாறிமாறிப் பணியாற்றுகின்றனர். கட்டணம் செலுத்துவோரின் வருவாயே இலவச அறுவைகளின் செலவையும் தாங்குகிறது.

இம்முறை எல்லா நோய்க்கும் பொருந்தாது. கண்புரைக்கு நாள் குறித்துக்கொள்ளலாம். ஒரே வகை அறுவையை வரிசையாகச் செய்யலாம். விபத்துப் பிரிவிலோ படுக்கை வெறுமையாகக் காத்திருந்தாக வேண்டும். அந்த வெறுமைக்கு ஆகும் செலவை ஈடுசெய்யவே நன்கொடை வேண்டும்.