தனி நடிப்பு: எதிரில் இல்லாதவரோடு ஒரு பேச்சு

(புணேயில் குழந்தைகளுக்கான தனி நடிப்புப் போட்டியின் முடிவில் நடுவராக ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

பரிசு அறிவிப்பதற்கு முன் தனி நடிப்பைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லும்படி பணித்திருக்கிறார்கள்.

'மோனோ ஆக்டிங்' என்றதும் ஏதோ பள்ளிக்கூடச் சமாசாரம் என்று எண்ண வேண்டாம். ஹரிகதையில் பாகவதர் ஒருவரே அனுமனாகவும் சீதையாகவும் மாறி மாறிப் பேசுவார். மராட்டியக் கீர்த்தன முறையை நம் கதாகாலட்சேபத்தோடு சேர்த்து அழகுபடுத்தியவர், 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர். நாம் குடியேறியிருக்கும் இந்த மகாராஷ்டிரத்திலோ, பு.ல. தேஷ்பாண்டே (1919–2000) மும்பைச் சாள் ஒன்றில் குடியிருப்போர் அனைவரையும் ஒற்றை ஆளாக மேடையில் நிறுத்தினார். லக்ஷ்மண் தேஷ்பாண்டே, லண்டனுக்குப் புறப்படும் கிராமத்துக் கல்யாண கோஷ்டியின் கதையில் 52 பாத்திரங்களையும் தாமே நடித்தார்.

இதற்கு வேண்டிய பயிற்சி என்ன? முதலில், யாரிடம் பேசுகிறோம் என்பது தெளிவாக வேண்டும். அவர் ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கிறாரா, வாசலில் நிற்கிறாரா? பார்வை அந்த இடத்திலும் அந்த உயரத்திலும் நிலைக்க வேண்டும். கண் அலைந்தால் எதிராளி மறைந்துவிடுவார்.

இரண்டாவது, கேட்பது. இல்லாதவர் பதில் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். இன்று பல குழந்தைகள் மூன்று நிமிஷத்துக்குள் முடிக்கும் அவசரத்தில் மூச்சு விடாமல் ஒப்பித்தார்கள். அது மனப்பாடம், நடிப்பு ஆகாது.

மூன்றாவது, பேசுகிறவருக்கு ஏதோ ஒன்று வேண்டியிருக்க வேண்டும். பணமோ, மன்னிப்போ, இன்னும் ஐந்து நிமிஷம் பேச்சுத் துணையோ. அது தெரிந்துவிட்டால் குரலை நடுங்க வைக்க வேண்டாம், முதுகைக் கூன வைக்க வேண்டாம். வயது தானே வந்து சேரும்.

ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, வெளிநாட்டிலிருக்கும் மகனோடு டெலிபோனில் பேசும் பாட்டியாக நடித்தாள். "சாப்டாச்சுடா" என்றாள். சிறிது மௌனம். "முழங்கால் வலியா? அதெல்லாம் ஒண்ணுமில்லே" என்று சொல்லிக்கொண்டே கை முழங்காலைத் தடவியது. பின்வரிசையில் இருந்த அவளுடைய பாட்டி, "நான் இப்படியா பேசறேன்?" என்று பக்கத்தில் கேட்டார்.

விசாரித்தேன். வீட்டில் அந்தப் பெண் ஹிந்தியிலோ இங்கிலீஷிலோதான் பதில் சொல்வாளாம். இந்த நடிப்புக்காக ஒரு வாரம் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் பேச்சைக் கவனித்திருக்கிறாள்.

தனி நடிப்பால் சபைக்கூச்சம் போகும், ஞாபகசக்தி வளரும், நாளைக்கு இன்டர்வியூவுக்கும் உதவும். எல்லாம் சரிதான். ஆனால் வெளியூரில் வளரும் நம் குழந்தைகளுக்கு இதில் அதைவிடப் பெரிய லாபம் உண்டு. தமிழ் புரியும், ஆனால் வாயில் வராது என்ற நிலையில் இருக்கும் குழந்தை, மேடையில் மூன்று நிமிஷம் வேறு பாஷைக்குத் தப்பியோட முடியாது. அதற்குமுன் அந்தத் தமிழை வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் போய்க் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஆகவே பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த வருஷம் வசனத்தை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டியிடம் குழந்தையை அனுப்புங்கள். ஊரில் இருந்தால் போன் போட்டுக் கொடுங்கள். இரண்டு பேருக்கும் அது நல்லது.